படிப்பிக்கும் மேசை

எழுபத்தாறாம் ஆண்டு. கொழும்பில் இறங்க வேண்டிய பெட்டி திருகோணமலையில் இறங்கிவிட்டது. கொழும்புத் துறைமுகத்தில் ஏதோ வேலைநிறுத்தமாம். பெட்டியைத் தேடி நானும் மலைநாட்டிலிருந்து ரயிலேறி வந்தேன். உள்ளே இருந்தது பல்கலைக்கழகத்துக்கான செய்முறை மேசை: மின்சாரத்தை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கும் தைரிஸ்டர், ஒரு சின்ன மோட்டார், மின் அலையைக் காட்டும் திரை. இரண்டு வருடமாக இதையெல்லாம் கரும்பலகையில் கீறியே படிப்பித்தவன் நான். மாதக் கடைசியில் இறுதியாண்டுச் செய்முறைப் பரீட்சை. மேசை இல்லாவிட்டால் என் மாணவர் பதினெட்டுப் பேரும் இன்னொரு வருடம் குந்தியிருக்க வேண்டியதுதான்.

சுங்க அதிகாரி கலீலுர் றஹ்மான் மூதூர்க்காரர். தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. கள்ளனென்றால் எப்படியாவது சமாளித்திருக்கலாம்.

"கல்வி உபகரணத்துக்குத்தான் வரிவிலக்கு, சேர். இது படிப்பிக்குமெண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"பெட்டியில எழுதியிருக்கே!"

"பெட்டியில என்னவும் எழுதலாம். படிப்பிச்சுக் காட்டுங்கோ."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனாலும் சுங்கக் களஞ்சியத்தில் உர மூட்டைகளை உட்காரும் வாங்கு போல அடுக்கி, துறைமுகத் தொழிலாளர் பதினொரு பேரை இருத்தி, இரண்டு மணித்தியாலம் படிப்பித்தேன். குமிழைத் திருப்பத் திருப்பத் திரையில் அலை அறுபட்டது. மோட்டார் மெல்லச் சுழன்றது. எல்லோரும் தலையாட்டினார்கள். அதிகாரி மட்டும் ஆட்டவில்லை.

"எனக்கு விளங்கேல்ல சேர். அப்ப இது படிப்பிக்கேல்ல எண்டுதானே எழுதவேணும்?"

கிரேன் ஓட்டுகிற முத்தன் எழும்பினார். "ஐயா, எங்கட கிரேனில வேகத்தக் குறைச்சா மிச்சக் கரண்ட் அந்த இரும்புப் பெட்டிக்குள்ள சூடாப் போகுது. கை வைக்க ஏலாது. இது மிச்சத்த எடுக்கிறதே இல்ல. தேவையான நேரம் மட்டும் திறக்கும், பிறகு மூடிப்போடும்."

"அட, இப்ப விளங்குது!" என்றார் அதிகாரி. 'படிப்பிக்கும்' என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சட்டப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ஆனா சேர், இப்ப இது புதுசில்ல, பாவிச்ச சாமானெல்லே? அதுக்குக் கொழும்பு லைசென்ஸ் வேணும். ஆறு கிழமை, ஒண்டரை மாதம் செல்லும்."

"நீங்கள் சொல்லித்தானே பாவிச்சனான்!"

"ஓம். அதையும் எழுதியிருக்கிறன்."

ஆளைத் தூக்கிக் கடலில் போடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்: "மாணவரை இந்தக் களஞ்சியத்துக்குள்ள கொண்டுவரவும் லைசென்ஸ் வேணுமோ?"

புத்தகம் முழுவதையும் புரட்டினார். "இல்ல சேர். அவை உள்ளூர்தானே."

தந்தி அடித்தேன். பதினெட்டுப் பேரும் ரயிலில் வந்து, அந்தக் களஞ்சியத்திலேயே உர நாற்றத்தில் தும்மித் தும்மிப் பரீட்சை எழுதினார்கள். பதினெட்டுப் பேரும் பாஸ். ஆனால் என் கைக்கு வந்த விடைத்தாள் பத்தொன்பது. களஞ்சியத்துக்குள் எது நடந்தாலும் அதிகாரியும் அதில் இருக்க வேண்டுமாம். அதனால் கலீலுர் றஹ்மானும் இருந்து எழுதிவிட்டார்.

அவருக்கு முப்பத்தெட்டுப் புள்ளி. பாஸாக நாற்பது வேண்டும். மனச்சாட்சிப்படி முப்பத்தெட்டே போட்டேன். போடும்போது உள்ளூர ஒரு குளிர்ச்சி இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆறு கிழமையில் லைசென்ஸ் வந்தது. லொறியோடு போய், அவருடைய விடைத்தாளையும் கையில் கொடுத்தேன். ஆறுதலாக வாசித்தார். கோபிக்கவே இல்லை.

"சரிதான் சேர், திருப்பி எழுதத்தான் வேணும். அப்ப அடுத்த பரீட்சை வரைக்கும் மேசை இஞ்சதான் நிக்கவேணும். கல்விக்கெண்டு வந்த சாமான். படிக்கிற ஆள் இஞ்ச இருக்கேக்க எப்பிடி வெளிய விடுறது?"

பன்னிரண்டு வருடமாக விடைத்தாள் திருத்துகிறேன். ஒருவருக்கும் அரைப் புள்ளி சும்மா போட்டதில்லை. லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். விடைத்தாளைத் திரும்ப வாங்கி, பேனையைத் திறந்து, எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பத்தொன்றாக்கினேன்.