ஆளுக்குப் பாதி

ஆஸ்பத்திரி அறையின் காலிக் கட்டிலைச் சுவரை விட்டு இழுத்தபோதுதான் அந்தப் பாட்டில் உருண்டு வந்து அவள் காலில் இடித்தது. இரும்புச்சத்து டானிக். முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

அவள் கணவர் காலை ஆறரைக்கு இறந்துபோயிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு பதினோரு மாதமாக எதையும் நோட்டில் எழுதித்தான் சொல்வார். உடலைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். ஒன்பது மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி, இது என்ன?"

ஜன்னலோரம் இருந்த நாத்தனார் திரும்பினாள். கணவருக்கு ஒன்பது வயது மூத்த அக்கா.

"தெரியலையா? டானிக். நாலு மாசமா நான்தான் குடுக்கறேன். காகிதமா வெளுத்துக் கிடந்தான், நீ வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்த."

"வேடிக்கையா? அந்தக் கட்டி இரும்பைத் தின்னுதான் வளருது, இரும்புச்சத்தே ஆகாதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"எந்த டாக்டர் சொன்னார்?"

"உங்க தம்பிதான் டாக்டர் சொன்னதா எழுதிக் காட்டினார்."

"என்கிட்ட ரத்தம் கம்மின்னு எழுதிக் காட்டினான். டாக்டர் கவலைப்படறார்னு."

நாலு மாதம். கீரை வந்தால் சண்டை, மாத்திரை வந்தால் சண்டை. ஒருத்தி வைத்ததை இன்னொருத்தி எடுத்து ஒளித்து வைப்பாள். அவர் மட்டும் இருவருக்கும் தலையாட்டிவிட்டுப் படுத்திருப்பார்.

அவள் பாட்டிலோடு டாக்டர் அறைக்குப் போனாள். நாத்தனார் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தாள்.

"இதைக் குடிச்சதாலதான் போனாரா? ஒளிக்காம சொல்லுங்க."

டாக்டர் பாட்டிலைப் பார்த்தார். "இல்லம்மா. அவருக்கு ரத்தம் கம்மியா இருந்தது நிஜம். கட்டி இரும்பை இழுத்து வெச்சுக்கிட்டதும் நிஜம். கட்டியோட ஜீன்களை சோதிச்சுப் பார்த்தோம். இரும்பை உள்ள இழுக்கற ஜீன்கள் சில பேருக்கு ரொம்ப மும்முரமா வேலை செய்யும். அப்படி இருந்தா பெரும்பாலும் நோய் வேகமாப் போகும். இவருக்கு அப்படித்தான் இருந்தது. இந்த டானிக்கைக் குடுத்ததாலயோ நிறுத்தினதாலயோ எதுவும் மாறியிருக்காது."

"இதை எங்ககிட்ட யாரும் சொல்லலையே!"

டாக்டர் பேனாவை மூடினார். "அவர்கிட்ட சொன்னேன். நோய் திரும்பி வந்தப்போ. நாலஞ்சு மாசம்தான்னும் சொன்னேன். வீட்ல நானே சொல்லிக்கறேன்னு எழுதிக் காட்டினார்."

நடைபாதைக்கு வந்ததும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டர் சொன்னதுல உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி! நாம கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கிட்டிருந்தா, இன்னும் எத்தனை நாள் இருப்பார்னு யாரும் கேக்க மாட்டோம் பாருங்க. என்ன மனுஷன்! அவர்கிட்ட ஒரு நாள் உக்காந்து நல்லதா நாலு வார்த்தை பேசினேனா நான்? பாட்டில், கீரை, மாத்திரை!"

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட 'இதோ ரெண்டே நிமிஷம்'னு சொல்லிச் சொல்லியே பழக்கம் அவனுக்கு" என்றாள் நாத்தனார். "ரெண்டு மணி நேரம் ஆகும்னு தெரிஞ்சாலும் சொல்லுவான்."

"நம்மையும் மாட்டினவங்க கணக்குல சேர்த்துட்டாரா?"

நாத்தனார் பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

கீழறையில் அவரைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். நீலச் சட்டையை மாட்ட இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள். கை வளையவில்லை. ஒருத்தி தோளைத் தூக்க, மற்றவள் சட்டையை இழுத்தாள். "அந்தப் பக்கம் பிடிங்க." "பிடிச்சுத்தான் இருக்கேன்." "நல்லா பிடிங்க அண்ணி."

அவள் கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கழுத்தின் நடுவே, மூச்சுக்காகப் போட்டிருந்த சின்னத் துளை தெரிந்தது. அதை மறைக்கக் காலரை இழுத்தாள்.

"மேல் பட்டனைப் போடாத" என்றாள் நாத்தனார். "அவனுக்கு மூச்சு முட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பட்டனை விட்டுவிட்டு, காலரை இரு பக்கமும் விரித்து மடித்துவிட்டாள்.