கல்வேலியில் கீறிய அம்புகள்

ஆதி முதல் மனிதகுலத்தைப் பிடித்து ஆட்டிவந்த வழிகேட்கும் வியாதியை நெடுந்தீவின் எல்லைக்குள் ஒழித்துக்கட்டிய ஆள் தான்தான் என்று நிரோஜன் அறிவித்தான். குறிகட்டுவான் துறையிலிருந்து தீவுக்குப் புறப்பட்ட லோஞ்சுப் படகின் மேல்தட்டில், சோளகக் காற்று தலைமயிரை நாலாபக்கமும் இழுக்க, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் அறிவித்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறவன். படிப்பில் அரைவாசி முடிந்திருந்ததால், தன் அறிவித்தல்களிலும் அரைவாசியையாவது சனம் நம்பவேண்டும் என்பது அவனுடைய நிலைப்பாடு.

நம்பவேண்டிய சனம் மூன்று பேர். சுவிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா சிவரூபி, அவளுடைய புருசன் சயந்தன், எட்டு வயது மகள் நிலாந்தினி. சயந்தன் பிறப்பால் புங்குடுதீவான், வளர்ப்பால் மலையேறி. மடித்து நீட்டும் ஊன்றுதடிகளையும் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்தையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். நெடுந்தீவில் மிக உயரமான இடம் எது என்று அவன் கேட்டதற்கு, இப்போது நிற்கிற இந்த மேல்தட்டுத்தான் என்று நிரோஜன் பதில் சொன்னான்.

வழி கேட்பவர்களில் நிரோஜனுக்குக் கோபமில்லை. வழி சொல்பவர்களில்தான் பயம். நெடுந்தீவில் ஒருவரிடம் வழி கேட்டால் அவர் கையை நீட்டிக் காட்டுவதில்லை. நீர் ஆற்றை பிள்ளை, அதாவது யாருடைய பிள்ளை, என்பதுதான் முதல் கேள்வி. தகப்பன் பெயர் போதாது; பாட்டனுடைய பெயர் வேண்டும், பாட்டனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் வேண்டும். அதற்குள் தண்ணீர் வரும், தேத்தண்ணி வரும். எல்லாம் முடிந்தபிறகு படலையைச் சாத்திக்கொண்டு அவரும் கூடவே வருவார். பாதி வழியில் இன்னொரு வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவார். கேட்டவன் போய்ச் சேரும்போது அவனுக்குப் பின்னால் ஓர் ஊர்வலம் நிற்கும். இதை நிரோஜன் வீடியோவாகவே நடித்துப் போட்டிருந்தான். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு வழி சொல்பவராகவும், தொப்பி போட்டுக்கொண்டு வழி கேட்பவராகவும் அவனே வந்தான். கம்பஸில் அதைப் பார்க்காதவர்கள் குறைவு.

நோயைக் கண்டவனே மருந்தையும் கண்டான். அக்கா அனுப்பிய படங்களில் சுவிஸ் மலைப்பாதைகளில் மஞ்சள் பலகைகள் நின்றன. நிரோஜன் ஒரு தகரம் மஞ்சள் பெயின்ற் வாங்கினான். ஆனி மாதத்தில் தீவுக்கு வந்து, இறங்குதுறையிலிருந்து பெருக்கமரம், அங்கிருந்து ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள்ளால் குதிரைகள் மேயும் வெளி, பிறகு சுற்றி மறுபடி இறங்குதுறை என்று, வழி நெடுக முருகைக்கல் வேலிகளில் அம்புகள் கீறிவிட்டுப் போனான். குழந்தைகுட்டியோடு நடக்கக்கூடிய பாதை. யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை. அவனுடைய குடும்பம் தீவைவிட்டு யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அவன் ஐந்தாம் வகுப்பு. அதன்பின் ஊரை அறிந்ததெல்லாம் மோட்டார்சைக்கிளில், பெரிய றோட்டால்தான். இதை அவன் அறிவித்தலில் சேர்க்கவில்லை.

லோஞ்சில் பக்கத்தில் நின்ற மரியநாயகம் என்ற மீன்பிடிகாரர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“மஞ்சள் அம்பு கீறினது நீரோ, தம்பி?”

“ஓம், நான்தான்.”

“நல்ல நிறம். எங்கடை வேலியிலையும் ரெண்டு வந்திருக்கு.”

நிரோஜன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னான். அவருடைய வேலி எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. கேட்பது அவன் கொள்கைக்கு விரோதம்.

ஆனால் அன்றைக்கு அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பதற்றம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதல்நாள் குசினியில் பாத்திரம் கழுவும்போது அக்கா குரலைத் தாழ்த்தி ஒரு விசயம் சொல்லியிருந்தாள். அடுத்த வருசத்திலிருந்து விடுமுறைக்குப் பாலித்தீவுக்குப் போவோம் என்று அத்தான் சொல்கிறாராம். அங்கே பிள்ளைகளோடு நடக்க விதவிதமான பாதைகள் போட்டிருக்கிறார்களாம். இங்கே வந்தால் சொந்தக்காரர் வீடுகளில் ஒரு கதிரையால் எழும்பி இன்னொரு கதிரையில் இருப்பதுதானே நடக்கிறது. அம்மாவிடம் அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. நாளைய பயணம் அத்தானுக்குப் பிடித்தால் கதையை மாற்றலாம் என்றாள். நிரோஜன் கோப்பையைத் துடைத்தபடி, அதெல்லாம் முடிந்த காரியம் என்று நினைத்துக்கொள் என்றான்.

இறங்குதுறையில் ஓட்டோக்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள். நிரோஜன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு மந்திரியைப் போல அவர்களை விலக்கி நடந்தான். முதல் அம்பு இருந்த இடத்தில் இருந்தது. இரண்டாவதும் இருந்தது. நிலாந்தினி ஒவ்வொரு அம்பையும் தொட்டுவிட்டு முன்னே ஓடினாள். பெருக்கமரத்தின் பொந்துக்குள் போய் நின்று படம் எடுத்தார்கள். சுவிஸில் இருப்பதைப்போலவே அடையாளம் போட்டிருக்கிறீர் என்று சயந்தன் சொன்னான். அக்கா நிரோஜனைப் பார்த்த பார்வையில் அடுத்த வருசத்துக்கு விமானச் சீட்டே போட்டாகிவிட்டது.

ஒழுங்கைகளுக்குள் இறங்கியபிறகுதான் கரைச்சல் தொடங்கியது. இருபுறமும் இடுப்புயரக் கல்வேலி. வேலிக்கு அப்பால் பனை வடலி, வெறுங்காணி, பிறகு இன்னொரு வேலி. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாக இருந்தது. காற்று வேலிக் கற்களின் இடுக்குகளால் பூந்து ஓயாமல் ஊளையிட்டது. ஒரு வளைவில் நிலாந்தினி நின்றுவிட்டாள்.

“மாமா, இது வானத்தைக் காட்டுது.”

அம்பு உண்மையாகவே வானத்தைக் காட்டியது. அது இளைப்பாறும் இடத்துக்கான குறி என்றான் நிரோஜன். கொஞ்சநேரம் நின்று, இளைப்பாறி, அடுத்த முடக்கால் திரும்பினார்கள். அங்கே ஒரு வேலியில் மூன்று அம்புகள் வரிசையாக இருந்தன. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, நடுவிலுள்ளது தலைகீழாக நிலத்தை. அப்படி ஒன்றை நிரோஜன் ஒருநாளும் கீறவில்லை.

“உதுக்கு என்ன கருத்து, நிரோஜன்?” என்று சயந்தன் கேட்டான்.

“விருப்பப் பாதை, அத்தான். குடும்பம் தன்ரை பாட்டிலை முடிவெடுக்கலாம்.”

குடும்பம் மேற்கே போக முடிவெடுத்தது. அந்த ஒழுங்கை ஒரு கைவிட்ட வீட்டின் கிணற்றடியில் போய் முட்டியது. திரும்பி வந்து கிழக்கே போனார்கள். அது வளைந்து வளைந்து, வானத்தைக் காட்டும் அம்பிடமே அவர்களைக் கொண்டுவந்து விட்டது. நிலாந்தினி மறுபடி இளைப்பாற வேண்டுமா என்று கேட்டாள்.

நிரோஜன் போனை எடுத்துப் பார்த்தான். வரைபடத்தில் அவர்கள் ஒரு நீலப் புள்ளி. புள்ளியைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம். இந்த ஒழுங்கைகளைப் பற்றி அந்த வரைபடம் கேள்விப்பட்டிருக்கவில்லை. துறை வடக்கே என்று விளங்கியது. வடக்கே கல்வேலி. அதைச் சுற்றிப் போனால் ஒழுங்கை தெற்கே இழுத்தது. சூரியன் நடு உச்சியில் நின்று எந்தப் பக்கத்துக்கும் சாயமாட்டேன் என்றது. வழியில் ஓர் ஆள் சைக்கிளில் போனார். அக்கா நிரோஜனின் முழங்கையில் இடித்தாள். அவன் சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்தான். இன்னொரு வளவில் யாரோ விறகு கொத்தும் சத்தம் கேட்டது. கொஞ்சம் எட்டி நடக்கச் சொல்லி எல்லாரையும் துரிதப்படுத்தினான்.

குதிரைகள் எங்கே என்று சயந்தன் இரண்டு தரம் கேட்டான். மூன்றாந்தரம் கேட்கவில்லை, அதுதான் மோசம். ஊன்றுதடிகளை மடித்துப் பைக்குள் வைத்தான். நிலாந்தினிக்குக் குதிக்காலில் கொப்புளம் போட்டிருந்தது. போத்திலில் தண்ணீர் அடியில் கிடந்தது. பின்னேர லோஞ்சை விட்டால் இரவுக்கு என்ன செய்வது என்று கேட்ட சயந்தன், பதிலுக்குக் காத்திராமல், பாலியில் இப்படி நடக்காது என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான். பிள்ளையைத் தூக்கி ஒரு பூவரசின் கீழே இருத்திச் சப்பாத்தைக் கழற்றினான்.

சிவரூபி தம்பியை வேலியோரமாக அழைத்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பான்.

“தம்பி, உன்ரை வீடியோ பெரிசோ, நான் அம்மாவைப் பாக்க வாறது பெரிசோ?”

நிரோஜன் ஒழுங்கை வழியே தனியாக நடந்தான்.

ஒழுங்கையின் முடிவில் கல்லோடு கல் மோதும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் போனான். நாற்பது நாற்பத்தைந்து மதிக்கத்தக்க ஒரு பெண், சட்டைக்கு மேல் சாரம் கட்டிக்கொண்டு, சரிந்துபோன வேலியை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோடையில் தண்ணீர் வாசம் பிடித்து வரும் குதிரைகளும் மாடுகளும் கிணறுள்ள வளவுகளின் வேலியைத் தள்ளிவிடும். சாந்து இல்லாமல் அடுக்கிய வேலி, தள்ளினால் விழும். விழுந்தால் கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்து மறுபடி அடுக்குவார்கள். ஒழுங்கையில் கிடக்கிற கல் எந்த வேலிக்கும் சொந்தம். தீவில் இது எல்லாருக்கும் தெரியும். நிரோஜனுக்கும் தெரியும். அம்பு கீறிய கல்லும் கல்தான் என்பது மட்டும் அவன் யோசியாதது.

அவள் கையில் இருந்த கல்லில் மஞ்சள் அம்பு இருந்தது. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, வடிவான பக்கம் வெளியே தெரியும்படி வைத்தாள். அம்பு அவள் வீட்டுக் குசினியைக் காட்டியது.

நிரோஜன் பூவரசடியைத் திரும்பிப் பார்த்தான். மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். அவன் குரலை எவ்வளவு தாழ்த்தமுடியுமோ அவ்வளவு தாழ்த்தினான்.

“அக்கா… இறங்குதுறைக்கு எந்தப் பக்கத்தாலை போறது?”

அவள் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“நீர் ஆற்றை பிள்ளை?”

“சிவகுருவின்ரை.”

“தபால்கந்தோர்ச் சிவகுருவோ? அவரின்ரை பிள்ளைக்கு வழி தெரியாதோ?” என்றாள். அதில் கேலி இல்லை, வெறும் ஆச்சரியம்தான். அதனால்தான் அது கூடுதலாகக் குத்தியது. “உதிலை நிண்டு கதையாமல் அவையையும் கூட்டிக்கொண்டு வாரும். பிள்ளை வெயிலுக்கை இருக்குது.”

பிறகு நடந்ததெல்லாம் நிரோஜனின் வீடியோவில் உள்ளபடியே நடந்தது. மேரிஜோசப்பின் என்பது அவள் பெயர். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு தேத்தண்ணி. நிலாந்தினியின் குதிக்காலைக் கழுவிப் பழந்துணி சுற்றிவிட்டாள். சயந்தன் லோஞ்சுக்கு நேரமாகிறதென்று வாசலிலேயே நின்றான். அவனையும் அவள் விடவில்லை. புங்குடுதீவில் எந்தப் பக்கம் என்றாள். இறுப்பிட்டி என்றான். இறுப்பிட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த முருகேசுவைத் தெரியுமோ என்றாள். அது தன் சித்தப்பா என்றான்.

“அவர்தான் எனக்குச் சைக்கிள் வித்தவர். பிறேக் இல்லை.”

சயந்தன் ஒரு கணம் யோசித்துவிட்டு, சித்தப்பாவின் சார்பில் மன்னிப்புக் கேட்டான். பிறகு கதிரையில் இருந்தான். வந்த நாள்முதல் அவன் தானாகப் போய் இருந்த முதல் கதிரை அது. பிறேக் இல்லாமல் அந்தச் சைக்கிளை அவள் எப்படி ஓடினாள் என்பதை முழுக்கக் கேட்டான். சிவரூபிதான் எழும்பி நின்று நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேரிஜோசப்பின் படலையைச் சாத்திக்கொண்டு கூடவே வந்தாள். அம்புகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வேலியில் இரண்டு கல்லைக் கழற்றி வைத்து எல்லாரையும் கடக்கவைத்து, மறுபடி கல்லை ஏற்றினாள். சயந்தனும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தான், அது சரியாக இருக்கவில்லை, அவள் திருப்பி வைத்தாள். ஒரு வடலிக் கூட்டத்தைத் தாண்டினதும் வெளி திறந்தது. அங்கே குதிரைகள் காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நின்றன. ஒரு குட்டி நிலாந்தினியைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அவள் நொண்டிக்கொண்டே தகப்பனின் கையை இழுத்தாள்.

“அடுத்தமுறை வந்தால் அங்காலைக் கரைப்பக்கமும் கூட்டிக்கொண்டு போவியளோ, அக்கா?” என்று சயந்தன் கேட்டான்.

அவள் ஓம் என்று சொன்னாளோ தெரியாது, காற்று கொண்டுபோய்விட்டது. சிவரூபி நிரோஜனைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் காலில் சுற்றிய துணியை, அது அவிழாதபோதும், இன்னொருதரம் இறுக்கிக் கட்டினாள்.

வெளியின் மறுகரையில் மேரிஜோசப்பின் நின்றாள். வேலி அரைகுறையாகக் கிடக்கிறது, ஆடு பூந்துவிடும், தான் திரும்பவேண்டும், மிச்ச வழியைக் கேட்டுப் போங்கோ என்றாள். முன்னால் ஒழுங்கை மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் கல்வேலி. ஒன்றில் ஒரு மஞ்சள் அம்பு மிகுந்த நம்பிக்கையோடு கடலைக் காட்டியது. சயந்தன் மணியைப் பார்த்தான். தூரத்தில் லோஞ்ச் குழல் ஊதியதோ காற்றோ தெரியவில்லை.

நிரோஜன் முடக்கிலிருந்த வீட்டின் படலையடிக்குப் போனான். உள்ளே ஒருவர் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தார். அவன் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

“அண்ணை,” என்றான் மெல்லிய குரலில், “நான் தபால்கந்தோர்ச் சிவகுருவின்ரை மகன்.”