வலையில் காய்ந்த இன்சோல்கள்

குதிகால் பக்கத்திலிருந்துதான் நெம்ப வேண்டும். விரல் பக்கம் பிடித்து இழுத்தால் பாதியில் கிழிந்துவிடும். இந்திராணி வெள்ளைத் தோல் பூட்ஸை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வளைந்த கம்பியை உள்ளே விட்டாள். பூட்ஸின் அடியில் திருகியிருந்த இரும்புத் தகட்டில் புடவை மாட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாக்குத் துணி சுற்றியிருந்தாள். உள்ளே பாதத்துக்கடியில் ஒட்டியிருந்த பழைய இன்சோல் 'பர்ர்' என்று பெயர்ந்து வந்தது.

அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஐந்து விரல்களும் ஐந்து கறுப்புக் குழிகளாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் குழி மட்டும் ஆழம். குதிகாலில் துருப் பொட்டுகள்.

"இதுல துரு ஏறிக்கீது, மார்கரெட்டம்மா."

"உள்ள இருக்கிற கார்க் அட்டைய அமுக்கிப் பாருக்கா. பொதபொதனு இருந்தா பூட்ஸ தனியா வச்சிடு. கெட்டியா இருந்தா மேல புது இன்சோல் போடு."

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில், முன்பு நெல் குடோனாக இருந்த ஷெட் அது. ஐஸ் மேல் சறுக்கி விளையாடும் பூட்ஸ்கள், வெளிநாட்டில் யார் யாரோ போட்டுக் கழித்தவை, துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். துடைத்து, பாலிஷ் போட்டு, கயிறு மாற்றி, உள்ளே புது இன்சோல் வைத்தால் பெரிய ஊர் மால்களில் இருக்கும் ஐஸ் தளங்களுக்கு வாடகைப் பூட்ஸாகப் போய்விடும். முதலாளி ஹேமந்த் சென்னையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை காரில் வருவான். மற்ற நாட்களில் சூப்பர்வைசர் மார்கரெட் சொல்வதுதான் சட்டம்.

இந்திராணிக்கு இன்சோல் வேலை. முதலில் பழையது என்ன ஜாதி என்று பார்க்க வேண்டும். காகிதம் போல மெல்லியது என்றால் உரித்துப் போடலாம். பசை போட்டு ஒட்டிய ஸ்பாஞ்ச் என்றால் சூட்டுக் காற்று காட்டி இளக்க வேண்டும். ஒரே ஒருவருடைய பாதத்துக்கென்று வார்த்த கெட்டி இன்சோல் வந்தால் தனிப் பெட்டி. அது அடுத்தவர் காலுக்கு ஆகாது. சிலதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருக்கும்.

"வளர்ற புள்ளைக்குப் பெரிசா வாங்கி, ரெண்டு போட்டு நெரப்பிக்கிறாங்க" என்று அவள் ஒருநாள் சொன்னாள். "நானும் எங்க அர்ச்சனா இஸ்கூல் ஷூவுல துணி வச்சுத்தான் அனுப்புவேன்."

பாலிஷ் போடும் பெண்கள் சிரித்தார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் ஒரு வட்டமாகவும், இந்திராணி குழாயடியில் தனியாகவும்தான் உட்காருவார்கள். சேர்ந்த முதல் நாள் அவள் டிபன் பாக்ஸில் சுறாப் புட்டு இருந்தது. மறுநாள் அவரவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் தயிர்ச் சோறும் ஊறுகாயும்தான் கொண்டுவருகிறாள். வட்டம் திறக்கவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்தில் அவள் வீட்டில் பேச ஆள் கிடையாது. மகள் அர்ச்சனாவைச் சுண்ணாம்புக்குளத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. புருஷன் தேசப்பன் மங்களூர்ப் பக்கம் விசைப்படகுக்குப் போனவன். முதலில் தினம் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. இப்போது இவள் போட்டால், நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். கடலுக்குப் போகிற ஆள் இல்லாத வீட்டுக்குக் கரையில் பங்கு மீன் கிடையாது. ஏலத்தில் எடுத்து விற்கக் கையில் முதல் இல்லை. இந்த இன்சோல் வேலைதான் அடுப்பை எரியவைத்தது.

"பொங்கலுக்கு அப்புறம் இன்சோலுக்கு ஒரு ஆளை நிரந்தரமா வைக்கப் போறாராம் சார்" என்றாள் மார்கரெட் ஒருநாள், குரலைத் தாழ்த்தி. "உன் பேரத்தான் சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை லோடு நல்லபடியா போவட்டும்."

அன்று மாலை பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு விரிசல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மார்கரெட்டே ஹேமந்திடம் பலமுறை சொல்லியிருந்தாள். மழை நின்று வந்து திறந்தபோது, அலமாரியில் அடுக்கியிருந்த புது இன்சோல்கள் முழுக்க நனைந்து ஊறிக் கிடந்தன. மின்விசிறிக்கு முன்னால் பரப்பினார்கள். மேல் துணி உலர்ந்தது. உள்ளே ஸ்பாஞ்சை அழுத்தினால் தண்ணீர் கசிந்தது.

மார்கரெட் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு இந்திராணியைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க ஊர்ல மழை விட்டா உடனே வெயில் அடிக்குமாமே?"

"அடிக்கும். காத்தும் கீது."

"கருவாடு காய வைக்கிற மாதிரி இதையும் காய வச்சுக் கொண்டாந்துடேன். சாருக்குத் தெரிய வேணாம். ஸ்டாக் நனைஞ்சிச்சுனா என்னத்தான் கேப்பாரு."

"நீ ஒண்ணும் கவலப்படாத. நான் காய வக்காததா?"

வேன் டிரைவர் தனசேகர் மூட்டையைப் பின்னால் ஏற்றினான். இந்திராணி வழக்கம்போல முன் சீட்டில் உட்கார்ந்தாள். "இன்னாக்கா, கம்பெனியையே வூட்டுக்கு எடுத்துகினு போற?" என்று அவன் கேட்க, அவள் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

மணலில் பரப்பினால் மேல் துணியில் மணல் ஒட்டும். தார்ப்பாயில் போட்டால் அடியில் வியர்க்கும். வலைதான் சரி, மேலேயும் கீழேயும் காற்று போகும். தேசப்பனின் வலை ஒன்று மூலையில் சுருண்டு கிடந்தது. கடல் தண்ணீர் பட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. இருந்தாலும் அவள் அதை அடிபம்படியில் போட்டுச் சோப்புத்தூள் கொட்டி மிதித்தாள். அலசினாள். மறுபடி சோப்புத்தூள் போட்டாள். கைவிரல் தோல் சுருங்கும்வரை அலசிவிட்டு, நாலு கழி நட்டு இழுத்துக் கட்டினாள். இன்சோல்களை இடது ஒரு வரிசை, வலது ஒரு வரிசையாக அடுக்கினாள். வெயில் ஏற ஏறக் கருவாட்டைப் புரட்டுவது போலப் புரட்டிப் போட்டாள்.

பக்கத்து வீட்டு ஷாலினி தன் வாசலில் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு காகம் வந்து, நெத்திலியை விட்டுவிட்டு, ஒரு சின்ன இன்சோலைக் கொத்தித் தூக்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்துப் பக்கம் பறந்தது.

"ஐயோ அத்தே! உன் ஷூ அட்டைய வாளக் கருவாடுனு நெனச்சிகினு போவுது பாரு!" ஷாலினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எந்த ஊட்டுப் பிள்ளையோ ஒத்தக் காலோட நிக்கப் போவுது!"

இந்திராணியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மனதில் ஏதோ இடறியது. ஒரு இன்சோலை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். சோப்பு வாசனை. இன்னொன்றை எடுத்து ஷாலினியிடம் நீட்டினாள்.

"நீ மோந்து சொல்லுடி. கவிச்சி ஏதாச்சும் அடிக்குதா?"

ஷாலினி நெத்திலி அளைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி முகர்ந்தாள்.

"ஒண்ணும் இல்ல அத்தே. துணிக்கட வாசன வருது."

திங்கட்கிழமை லோடு போயிற்று. மார்கரெட் அவள் தோளைத் தட்டினாள். ஷெட் முழுக்க ஒட்டும் பசையின் நெடி. அதற்குள் உட்கார்ந்தவர்கள் மூக்குக்கு வேறெதுவும் எட்டாது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அதே பெட்டிகள் திரும்பி வந்தன. கூடவே ஹேமந்தும் வந்தான். ஒரு பூட்ஸை எடுத்து அதன் நாக்குத் தோலை விரித்து உள்ளே மூக்கை விட்டான். சட்டென்று தலையைப் பின்னால் இழுத்தான்.

"கால் சூட்டுல வேர்த்ததும் வருது. ஒரு லேடி இதக் கழட்டி கவுன்ட்டர் மேல வச்சிட்டு, 'இது ஐஸ் ரிங்கா, மீன் மார்க்கெட்டா'ன்னு கேட்டிருக்காங்க. எல்லார் முன்னாடியும்." பூட்ஸை மேசை மேல் வைத்தான். "இந்த இன்சோலையெல்லாம் எங்க வச்சிருந்தீங்க?"

பாலிஷ் போடும் பெண்கள் இந்திராணியைப் பார்த்தார்கள். இந்திராணி மார்கரெட்டைப் பார்த்தாள். மார்கரெட் கையிலிருந்த கயிற்றுச் சிக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானம்மா இன்சோல்? வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஆமா சார். மழையில நனஞ்சி பூடுச்சு. வலைய சோப்பு போட்டு நல்லா..."

"வலையா?" அவன் மார்கரெட் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா?"

கயிறு மார்கரெட்டின் விரல்களில் நின்றது. "காய வைக்கச் சொன்னேன் சார். எங்க வச்சாங்கன்னு... நான் கேக்கல."

இந்திராணி இன்னும் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்கரெட் மறுபடி கயிற்றுச் சிக்கின் மேல் குனிந்தாள். கூரையின் விரிசலில் பிளாஸ்டிக் தாள் ஒன்று இப்போது ஒட்டியிருந்தது, காற்றில் படபடத்தது.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா" என்றான் ஹேமந்த், மரியாதையாகவே. "ஆனா இது வாசனை சம்பந்தப்பட்ட விஷயம். பழகின மூக்குக்குத் தெரியாது. வேற ஆள் பாத்துக்கறோம். இன்னிக்கு மட்டும் இருந்து இது எல்லாத்தையும் உருவிக் குடுத்துட்டுப் போயிடுங்க."

அவள் உட்கார்ந்து உருவினாள். தான் வெட்டி, தான் பசை தடவி, தான் அழுத்தி ஒட்டியவை. நன்றாகப் பிடித்திருந்தன. குதிகாலை நெம்பி, கிழியாமல், ஒவ்வொன்றாக எடுத்தாள். சிலதில் யாருடைய காலும் பட்டிருக்கவில்லை. சிலதில் ஐந்து விரல்கள் அப்போதுதான் லேசாகப் பதியத் தொடங்கியிருந்தன. ஒன்றைத் திருப்பி முகர்ந்து பார்த்தாள். இப்போதும் அவளுக்குச் சோப்பு வாசனைதான் வந்தது.

கேட்டுக்கு மார்கரெட் மூட்டையோடு வந்தாள். "இங்க போட்டா நாய் இழுக்கும். உங்க ஊர்ப் பக்கம் எங்கயாச்சும் கொளுத்திடு அக்கா." கொஞ்சம் நின்றாள். "எனக்கும் ரெண்டு புள்ளைங்க."

"தெரியும்" என்றாள் இந்திராணி.

தனசேகர் வேன் கதவைத் திறந்தான். முன் சீட்டில் அவனுடைய சாப்பாட்டுப் பை இருந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

"பின்னாடி குந்திக்கோக்கா. மூட்டையப் புடிச்சிகினு வா."

பொங்கல் கழிந்து மீன் வரத்து கூடிய ஒரு காலையில், ஏலக் கரையில் வியாபாரி லோகநாதன் முன்னால் போய் நின்றாள். இறால் தரம் பிரிக்கும் வேலை கேட்டாள். அவன் அவள் கையைப் பார்த்தான். விரல் இடுக்குகளில் பசை கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"இன்னாமே இது, பஞ்சர் கட மாதிரி நாறுது! இந்தக் கையால எறாலத் தொட்டா எவன் வாங்குவான்?" சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஐஸு வண்டியில ஏறு. கீழ பரப்பி வுடு. மீனத் தொடாத."

அவள் பெட்டி வண்டிக்குள் ஏறினாள். உள்ளே செருப்புப் போடக் கூடாது. நொறுக்கிய ஐஸ் கணுக்கால் வரை கிடந்தது. கால் வைத்ததும் சில்லென்று எலும்புக்குள் ஏறியது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் இருப்பதே தெரியவில்லை. அவள் இடுப்பு மடிப்பில் செருகியிருந்த இரண்டு இன்சோல்களை எடுத்தாள். கொளுத்தாமல் வைத்திருந்தவை. இடது, வலது பார்த்துக் கீழே போட்டு, அவற்றின் மேல் ஏறி நின்று மண்வெட்டியை ஓட்டினாள்.

பூட்ஸ் இல்லாமல் இன்சோல் காலடியில் நிற்காது. இரண்டாவது தள்ளலில் இடதுகால் இன்சோல் வழுக்கியது. உருகி ஓடிய தண்ணீர் அதை மெல்ல வண்டியின் வாசல் வரை இழுத்துப் போனது. லேசாகப் பதிந்த ஐந்து விரல்களோடு விளிம்பில் ஒருமுறை சுழன்று, கீழே செதிலும் மண்ணும் கலந்த சேற்றில் விழுந்தது.

"இன்னா பாத்துகினு கீற?" வெளியிலிருந்து லோகநாதன் குரல் கொடுத்தான். "மூலையில ஐஸு வரல பாரு!"

இந்திராணி வெறுங்காலைத் திரும்ப ஐஸில் ஊன்றினாள்.