நீலக் கட்டம் போட்ட சட்டை

"குளிப்பாட்டட்டுமா, வேணாமா? நீங்கதான் சொல்லணும், ஹானியப்பா" என்றார் ஷேக் பையூமி. கையில் வாளி, தோளில் துண்டு. கூடத்து மேசையில் ரகபின் இளைய மகன் தாமிர் உயிரில்லாமல் கிடந்தான்.

ரகப் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து ஷேக்கிடம் நீட்டினார்.

"குண்டடி பட்டு ஷஹீதா, தியாகியா செத்தவனா இருந்தா ரத்தத்தோட, உடுத்தின துணியோட அப்படியே அடக்கணும். தண்ணி படக் கூடாது. காகிதத்துல கார் மோதினதுன்னு இருக்கு. அப்படின்னா குளிப்பாட்டியே ஆகணும்."

காகிதத்தில் கீழே இருந்தது ரகபின் கையெழுத்து. முப்பது வருஷமாகக் கெய்ரோவில் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்த்தவர். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவார். ஒரு யூனிட் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்களை எல்லாம் கத்தி விரட்டியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்று காலை ஆஸ்பத்திரியில் பேனாவைக் கேட்டு வாங்கிப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டார்.

"யாரும் எம் புள்ள மேல தண்ணி ஊத்தக் கூடாது" என்றாள் இன்ஸாஃப். "சதுக்கத்துப் போராட்டத்துல நெஞ்ச நிமித்தி நின்னவன் அவன். குருட்டாம்போக்குல ரோட்டத் தாண்டி கார்ல விழுந்தவனா?"

"ஹானி அவங்க கிட்ட இருக்கான், இன்ஸாஃப்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூத்தவனைப் போலீஸ் பிடித்துப்போய் நான்கு நாள் ஆகிறது.

"கீழ டீக்கடையில அவங்க ஆளு ஒருத்தன் உக்காந்திருக்கான், பாரு. குளிப்பாட்டி, வெள்ளத்துணி சுத்தி, மதியத் தொழுகையோட அடக்கிடணுமாம். கோஷம் கூடாதாம். சத்தமில்லாம முடிஞ்சா சாயங்காலம் ஹானி வீட்டுக்கு வந்துடுவானாம்."

"ஒருத்தனக் குடுத்து ஒருத்தன வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"ஆமா" என்றார் ரகப். அவருக்கே தன்மேல் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

இன்ஸாஃப் சமையலறைக்குள் போனாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. ஜனவரிக் குளிரில் பிள்ளைக்குப் பச்சைத்தண்ணீர் ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

தாமிர் போட்டிருந்தது அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டை. கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்வான். அதற்காகவே வாரம் ஒருமுறை இரண்டும் கட்டிப் புரளும். ஆஸ்பத்திரியில் யாரும் அதைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஷேக் பொத்தான்களைக் கழற்றினார். இடது மார்பில் சுண்டுவிரல் போகும் அளவு ஓட்டை.

"கார் நல்லாத்தான் குறி பாத்திருக்கு" என்று முனகிவிட்டு ஷேக் அங்கே பஞ்சை வைத்து அடைத்தார்.

முதலில் வலது பக்கம். ரகப் ஊற்றினார், ஷேக் தேய்த்தார். வாளி நான்கு முறை சிவந்தது. சட்டையைச் சுருட்டி யார் எடுத்துப் போனார்கள் என்று ரகப் கவனிக்கவில்லை.

மதியம் கோஷம் இல்லாமல் அடக்கம் முடிந்தது. தெருவே தலையைக் குனிந்துகொண்டு நடந்தது.

வெயில் இறங்கும் நேரத்தில் ஹானி வந்தான். பெல்ட்டைப் பிடுங்கியிருந்தார்கள். பேண்டை ஒரு கையால் பிடித்தபடி வாசலில் நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"தம்பியப் பத்திக் கீழேயே சொல்லிட்டாங்க" என்றான். பிறகு அப்பாவைப் பார்த்து, "குளிப்பாட்டினீங்களா?" என்று கேட்டான்.

ரகப் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் இன்னும் சுருங்கியிருப்பதுபோல் இருந்தது.

இன்ஸாஃப் மகனை உட்காரவைத்து முன்னால் ரொட்டியும் அவித்த மொச்சையும் வைத்தாள். மடியிலிருந்து சட்டையை எடுத்து விரித்தாள். துவைக்காத சட்டை. மார்பிலிருந்து கீழ்வரை காய்ந்து விறைத்திருந்தது.

"உன் சட்டதான். நீ வர்ற வரைக்கும் வச்சிருந்தேன். இத வெளியில எல்லாரும் பாக்கத் தொங்கவிட்டா திரும்ப உன்னத் தேடி வருவாங்க. நீ வேணாம்னா உள்ள வச்சிடுறேன்."

ஹானி சட்டையின் மார்பில் இருந்த ஓட்டையை விரலால் தொட்டான்.

"கொடியில போடும்மா."

அவள் பால்கனிக்குப் போய், தெருப்பக்கமாக நீட்டியிருந்த துணிக்கொடியில் ஒரு கிளிப்பில் மாட்டினாள். கீழே டீக்கடையில் இருந்தவன் குவளையை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. ரகப் எழுந்து பால்கனிக்கு வந்தார்.

"அதத் தொடாதீங்க" என்றாள் இன்ஸாஃப்.

காற்றில் சட்டையின் முன்பக்கம் மடங்கி ஓட்டையை மறைத்திருந்தது. ரகப் எட்டி அதை இழுத்து நேராக்கினார். கூடையிலிருந்து இன்னொரு கிளிப்பை எடுத்து மாட்டினார்.