வாழ்க்கைமுறைத் தேர்வு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் என்று நாடு முழுக்க என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஓர் அறிக்கை வந்திருக்கிறதாம். "படிச்சுட்டு ரெண்டு பக்கம் கட்டுரை குடுங்க சார். ரொம்பக் கசப்பா வேணாம், கொஞ்சம் இனிப்பா இருக்கட்டும்" என்றார். எனக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. அவருக்குத் தெரியாது, பாவம்.

படித்தேன். எல்லாக் கோடுகளும் மேலே ஏறுகின்றன. எண்களை இங்கே எழுத மாட்டேன். என் கதையில் பொய் சொல்லப்போவதே ஓர் எண்தான், அதற்கு இன்னும் கூட்டாளிகள் எதற்கு? என்னைக் கிளப்பிவிட்டது ஒரு சொல். 'வாழ்க்கைமுறைத் தேர்வுகள்.' மக்கள் தவறான வாழ்க்கைமுறையைத் தேர்வு செய்கிறார்களாம். ஜவுளிக்கடையில் நாலு புடவையை விரித்துப் போட்டு, இது நல்லாருக்கு, இதைக் கட்டுங்க என்று எடுத்துக்கொண்ட மாதிரி.

கட்டுரை எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. அதனால் கதை.

2

தொடக்கம் ஒன்று: 'காரைக்காலில் கடற்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு' – வேண்டாம். கடற்கரை ஊரில் வேறு எந்தக் காற்று வீசும்?

தொடக்கம் இரண்டு: 'எல்லையைத் தாண்டியதும் வரிசையாக மதுக்கடைகள்' – இதுவும் வேண்டாம். எங்கள் ஊரைப் பற்றி எழுத வருகிற அத்தனை பேரும் அங்கேதான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

தொடக்கம் மூன்று: ஜெகபர் சாதிக் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டிருந்தார்.

இது இருக்கட்டும்.

3

ஜெகபர் சாதிக் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட்டிருந்தார். சித்திரை மாதம், மின்விசிறிக் காற்றே சுட்டது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஷார்ஜாவில் இருபத்து நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, கம்பெனியை மூடிவிட்டதால் ஊரில் இருந்தார். வேறொரு கம்பெனியில் விசா கிடைத்திருந்தது. அதற்குத் திருச்சிக்குப் போய் 'மெடிக்கல்' என்கிற உடல் பரிசோதனையை முடிக்க வேண்டும்.

அவர் எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவள் உமாமகேஸ்வரி. நெரவி கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள். கையில் டேப்லெட், பையில் ரத்தம் பார்க்கிற கருவி. இந்தத் தெருவில் குலுக்கல் முறையில் வந்த வீடுகளில் இதுவும் ஒன்று. அரசாங்கத்தின் உடல்நலக் கணக்கெடுப்புக்கு வருவதாக நாலு நாள் முன்பே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதுதான் வினை.

"சர்க்கரை இருக்குன்னு டாக்டர் எப்பவாச்சும் சொல்லியிருக்காங்களா சார்?"

"இல்லைம்மா."

"மாத்திரை எதுவும்?"

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணும் கிடையாது."

அடுப்படி வாசலில் நின்று உம்மு சல்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வேளை மாத்திரையை இருபத்தாறு வருடக் கணவனுக்குத் தன் கையால் எடுத்துக் கொடுக்கிறவள் அவள். அந்த டப்பா அவளுக்கு எட்டும் தூரத்தில், உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

உமாமகேஸ்வரி விரலைக் குத்தினாள். கருவி தொண்ணூற்றெட்டு என்றது.

"நார்மல் சார்."

"பாஸா?"

"பாஸ்தான்" என்று சிரித்தாள் அவள். அப்புறம் உம்மு சல்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, நீங்க உடற்பயிற்சி ஏதாச்சும் செய்யுறீங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா."

(குறிப்பு: அன்று காலை தெருக்குழாயிலிருந்து மாடி வரைக்கும் உம்மு சல்மா தூக்கிய குடங்கள் பதினாலு. அறிக்கையில் அவள் 'போதிய உடல் உழைப்பு இல்லாதவர்'. அந்தக் கோடு ஏறியதில் அவளுக்கும் பங்கு உண்டு.)

கேள்விகள் முடிந்தன. உமாமகேஸ்வரி எழுந்தபோது அந்தச் சாக்ஸைப் பார்த்தாள். "கால்ல என்ன சார்?"

"ஏசி பழக்கம்மா. காலு கூசும்."

டேப்லெட்டில் காலுக்குக் கேள்வி இல்லை. அவள் போய்விட்டாள்.

4

இப்போது ஜெகபர் சாதிக்கைக் கெட்டவராக்க வேண்டும். கதைக்கு அதுதான் வசதி. 'அவர் பேராசைக்காரர்' என்று எழுதினேன். அடித்தேன். 'அவர் படிப்பறிவில்லாதவர்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன், ஏனென்றால் படித்த நானும் அதையேதான் செய்கிறேன். அதற்கு வருகிறேன்.

அவர் செய்தது இதுதான். உமாமகேஸ்வரி நாள் சொல்லிவிட்டுப் போன உடனே சோற்றை நிறுத்திவிட்டார். மூன்று நாள் பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர், மாத்திரை இரட்டிப்பு. வளைகுடாவுக்குப் போகிற ஆட்களிடம் கைமாறி வருகிற வித்தை இது. சர்க்கரை ஏறியிருந்தால் மெடிக்கலில் 'அன்ஃபிட்' போட்டுவிடுவார்கள். இருபத்து நாலு வருடத்தில் ஏழு மெடிக்கல், ஏழிலும் பாஸ். ஒவ்வொரு தடவையும் பாஸான கையோடு திருச்சி பஸ் ஸ்டாண்டில் பிரியாணி.

'தேர்வு' என்றால் அறிக்கை எழுதியவருக்கு, பிடித்ததை எடுத்துக்கொள்வது. ஜெகபர் சாதிக்குக்குத் தேர்வு என்றால் பரீட்சை. ஒரே சொல்தான். அவர் ரத்தத்தை யார் எப்போது பார்த்தாலும் அவர் பரீட்சைக்குத் தயாராகிவிடுவார்.

"கவர்மென்ட்டு கணக்கெடுப்புக்குமா பட்டினி கெடப்பீங்க?" என்று அன்று உம்மு சல்மா கேட்டாள்.

"உனக்கு வெவரம் பத்தாது. அந்தப் புள்ள தட்டுறதெல்லாம் ஆதார்ல ஏறிடும். ஆதார்ல ஏறுனா மெடிக்கல்காரன் பார்ப்பான். இவருக்குச் சுகருன்னு அங்கேயே காட்டிக் குடுத்துரும்."

அப்படியெல்லாம் ஒன்றும் ஏறாது. ஆனால் தன்னைப் பற்றி எதை எழுதினாலும் அது தனக்கு எதிராகத்தான் திரும்பும் என்று ஒரு மனிதனுக்கு இருபத்து நாலு வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அவர் நன்றாகப் படித்திருக்கிறார்.

(அங்கே அவருடைய வாழ்க்கைமுறை: குளிர்பதனக் கிடங்கில் பதினாலு மணி நேரம் நிற்பது. எட்டுப் பேருக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு. அடுப்பு முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும் என்பதால் குப்பூஸ் ரொட்டி, டப்பா மீன், விழித்திருக்க இனிப்புச் சோடா. இதில் எதை ஐயா அவர் தேர்வு செய்தார்? எந்த மேசையில் விரித்து வைத்தீர்கள், எதை வேண்டாம் என்றார்? சரி. அடைப்புக்குறியை மூடுகிறேன். ஆசிரியர் இனிப்பாகக் கேட்டிருந்தார்.)

5

திருச்சி மெடிக்கல் திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமையே அவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார்.

"நோன்பு வச்சிருக்கேன்" என்றார்.

உம்மு சல்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். "என்ன நிய்யத்து வச்சீங்க? அந்த நோன்பு அல்லாவுக்கா, ஆஸ்பத்திரிக்கா?"

தொழுகிற மனுஷன், நோன்புக்கு மனதில் வைக்கிற நிய்யத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"சாக்ஸக் கழட்டுங்க."

"வுடு சல்மா."

அவளே உட்கார்ந்து இடது கால் சாக்ஸை உருவினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. பக்கத்து விரலுக்கு நடுவில் ஈரம் கசிந்தது, நாற்றம் வந்தது. அவள் அழுதாள். அப்புறம் அழுகை நின்று கோபம் வந்தது. கோபம்தான் அவளுக்கு உதவியது.

"வலிக்கலயா?"

"இல்ல. வலிச்சா போயிருக்க மாட்டேனா டாக்டர்கிட்ட?"

"இந்தக் காலோடயா போவீங்க? பேசாம இங்கேயே இருந்துருங்களேன்."

"இங்க இருந்து என்ன பண்ண? இந்த ஊர்ல நான் யாரு சொல்லு. லீவுல வந்த ஆளு. இருபத்து நாலு வருசமா லீவுல வந்த ஆளு. பள்ளிவாசல்ல பாக்குறவன் எல்லாம் எப்ப வந்தீங்கன்னு கேக்க மாட்டான், எப்பப் போறீங்கன்னுதான் கேப்பான். இடது காலுதானே? வலது காலு கல்லாட்டம் இருக்கு, பாரு."

வலது காலைத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

6

உமாமகேஸ்வரி கொடுத்துவிட்டுப் போன அறிமுகச் சீட்டில் இருந்த எண்ணுக்கு உம்மு சல்மா போன் போட்டாள்.

"உமா, அன்னைக்கு எங்க ஊட்டுல சொன்னதெல்லாம் பொய்ம்மா. அவருக்குப் பன்னண்டு வருசமா சக்கரை. மாத்தி எழுதிக்க."

"அப்லோட் ஆயிடுச்சுக்கா. இனிமே தொறக்காது."

"அப்போ எங்க ஊட்டுக்காரரு நார்மலா?"

"இந்தியாவுக்கு நார்மல்தான்க்கா."

சொன்ன பிறகு உமாமகேஸ்வரிக்கே அது உறைத்திருக்க வேண்டும். அவள் அவசரமாகப் பேசினாள். "அக்கா, மூணு மாச சராசரின்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. மூணு நாள் பட்டினி கெடந்தா அதை ஏமாத்த முடியாது. கவர்மென்ட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலைக் காட்டுங்க, இன்னைக்கே காட்டுங்க. ஒரு நைலான் நரம்பு மாதிரி வச்சு உள்ளங்கால்ல குத்திப் பார்ப்பாங்க. உணர்ச்சி இருக்கா, சர்க்கரையில மரத்துப்போச்சான்னு தெரிஞ்சிடும். புண்ணு இல்லாத காலையும் பார்க்கச் சொல்லுங்க."

"வர மாட்டாரும்மா. திங்கக்கிழம திருச்சி போறாரு."

"திருச்சியில அதெல்லாம் பார்க்க மாட்டாங்களேக்கா."

உம்மு சல்மா போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். புளி ஊற வைத்திருந்த கிண்ணத்தில் கை இருந்தது. கொட்டைகள் விரலில் தட்டுப்பட்டன.

7

இந்த இடத்துக்கு நான் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவர் பாஸாகி விமானம் ஏறுகிறார். அங்கே பாதிக் காலை எடுக்கிறார்கள். இது நடக்கக்கூடியது. எழுதி முடித்த கையோடு கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் திங்கள் காலை அவர் குடிக்கும் வெந்தயத் தண்ணீரில் உம்மு சல்மா நாலு கரண்டி சீனியைக் கலந்து அவரை ஃபெயிலாக்குகிறாள். இதை எழுதிவிட்டு அரை நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் புத்தி வந்தது. அவருக்கு நாக்கு இல்லையா? சமையலறையில் நிற்கிறவளுக்கு இப்படியொரு யோசனை வரவே வராது. மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் வரும்.

மூன்றாவதில் அவர் திருந்தி, காலையில் நடைப்பயிற்சி போகிறார். ஆசிரியருக்கு இது பிடித்திருக்கும். 

கிழித்ததையும் அடித்ததையும் ஏன் உங்களுக்குக் காட்டுகிறேன் என்றால், போன மாதம் நான் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யப் போனேன். அதற்கு முந்தின இரண்டு ராத்திரி சாப்பிடவில்லை. டாக்டர் "குட்" என்றார். வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கதையையும் அப்படிப் பட்டினி போட்டு, மெலிய வைத்து, உங்களிடம் 'குட்' வாங்க இந்தத் தடவை மனம் வரவில்லை.

8

திங்கட்கிழமை காலை. ஆறரை மணி பஸ்.

ஜெகபர் சாதிக் குளிக்கப் போயிருந்தார். உம்மு சல்மா வாசல் ஓரம் இருந்த அவருடைய ஷூவை எடுத்தாள். இடது ஷூவைத் தொடவில்லை. வலது ஷூவுக்குள், குதிகால் படுகிற இடத்தில், ஒரு புளியங்கொட்டையைப் போட்டாள். கழுவித் துடைத்த, வழவழப்பான, ஒரே ஒரு கொட்டை. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவருக்கு உறுத்த வேண்டும், 'என்ன எழவுடி இது' என்று கத்த வேண்டும், அவள் திட்டு வாங்க வேண்டும் என்று அல்லாவிடம் கேட்டுக்கொண்டாள்.

அவர் வந்தார். புதுச் சட்டை. மூன்று நாள் பட்டினியில் முகம் சின்னதாகியிருந்தது. உட்கார்ந்து சாக்ஸ் போட்டார், ஷூவை மாட்டினார், நாடாவை இறுக்கிக் கட்டினார். எழுந்தார். பாஸ்போர்ட் இருந்த பையை எடுக்க உள்ளறைக்குப் போனார், வந்தார். தண்ணீர் குடிக்க அடுப்படி வரைக்கும் வந்தார். அவள் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடை மாறவில்லை. கூடத்தைத் தாண்டி, வாசல்படி மூன்றும் இறங்கி, தெருவில் கால் வைத்தார்.

"வர்றேன் சல்மா."

"நில்லுங்க."

"பஸ்சு போயிரும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வலது கால்ல ஏதாச்சும் உறுத்துதா?"

அவர் நின்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காலைத் தரையில் அழுத்திப் பார்த்தார். ஒரு தடவை தட்டியும் பார்த்தார். இந்தத் தடவை அவர் பொய் சொல்லவில்லை.

"ஒண்ணும் இல்லியே. ஏன்?"

9

அவள் வாய் திறந்திருக்கிறது. அடுத்த வரி அவளுடையது. அதை நான் எழுத மாட்டேன்.

எழுதினால், அவர் ஷூவைக் கழற்றிப் பார்த்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டதாகவோ, திட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டதாகவோ ஏதோ ஒன்று நடந்துவிடும். நீங்களும் ஒரு பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அந்த வசதியை உங்களுக்குச் செய்து தர எனக்கு இஷ்டமில்லை. நாளைக்கு நானே என் செருப்பில் ஒரு கொட்டையைப் போட்டுக்கொண்டு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற தருமபுரம் வரைக்கும் நடந்து பார்க்கலாம் என்று – சரி, அது என் பாடு.

இப்போதைக்கு அவர் தெருவில் நிற்கிறார். அறிக்கையின்படி அவர் நார்மல். முனையில் பஸ் ஹாரன் அடிக்கிறது, வலது ஷூவுக்குள் கொட்டை அப்படியே இருக்கிறது, கேள்வி கேட்ட பெண் பதிலை வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அவரை ஏற்றிவிடுவதா, கழற்றச் சொல்வதா என்று, அறிக்கை எழுதியவரே, நீங்களே சொல்லுங்கள். தேர்வு, தேர்வு என்று நீங்கள்தானே எழுதினீர்கள். செய்யுங்கள்.