ஒன்பது வரியிலும் அதே சொல்

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலில் தொங்கிய அட்டையைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்றிலிருந்து ஒன்பது வரிகள். ஒன்பதிலும் ஆங்கிலத்தில் 'மோனிங்'. முந்தின ஷிப்ட் நர்ஸ் எழுதியதை அடுத்த ஷிப்ட் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறது. வலியில் எழும் சத்தம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். எந்த வலி, எவ்வளவு வலி என்று அது சொல்லாது.

நேற்றுக் காலை அம்மா காய்ச்சலில் சித்தியைத் திட்டிக்கொண்டே அனத்தினாள். சாயங்காலம் புரளும்போது முனகினாள். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முக்குகிறாள். மூன்றும் ஒன்றா?

"சிஸ்டர், இந்தச் சத்தம் வேற. மாவுக்கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் பாருங்க."

"சார்ட்ல நேத்துலேர்ந்தே மோனிங்தாம்மா. புதுசா ஒண்ணும் இல்லையே."

"என்னைப் பெத்தது அம்மாவா, உங்க சார்ட்டா?"

"வயசானவங்க அப்படித்தான் இருப்பாங்க. சத்தம் போடாதீங்க."

போர்வையை நானே விலக்கினேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிக் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. நர்ஸ் தொட்டுப் பார்த்தாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து கட்டை அறுத்துப் பிரித்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா காலே போயிருக்கும்" என்றார். அம்மா நீளமாக மூச்சு விட்டுத் தூங்கிப்போனாள். நான் நர்ஸை, முந்தின நர்ஸை, அந்த அட்டையை அச்சடித்தவனைக்கூட வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். நர்ஸ் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க என்னம்மா வேலை பாக்குறீங்க? சத்தத்தை இவ்வளவு பிரிச்சுச் சொல்றீங்க."

"காது கேக்காதவங்களுக்காகப் படத்துல வர்ற சத்தத்தையெல்லாம் எழுத்தாப் போடுறேன்" என்றேன், கொஞ்சம் கெத்தாகவே.

"அப்ப ஒவ்வொரு சத்தத்துக்கும் வேற வேற சொல்லு போடுவீங்க, இல்ல?"

போன வாரம் முடித்த படத்தில் ஒருத்தி பிரசவ வலியில் துடிப்பாள். ஒரு கிழவர் சாகக் கிடப்பார். மொட்டைமாடியில் பூட்டிவைத்த நாய் ஒன்று அழும். எங்கள் ஆபீஸ் பட்டியலில் எல்லாவற்றுக்கும் 'முனகல்' என்ற ஒரே சொல்தான். சரியாக இருக்குமா என்று அந்தச் சத்தங்களை இன்னொரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காமல் மூன்று இடத்திலும் அதையே ஒட்டிவிட்டு, ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பினேன்.

நர்ஸ் பதிலுக்குக் காத்திருந்தாள். என் கோபம் இன்னும் ஆறவில்லை. அதை இனி யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.