மடத்துக்குள் எக்காளம் ஊதியவன்

ஆயருக்கு யாரோ பெயர் போடாமல் கடிதம் எழுதிவிட்டார்கள். ஏரிக்கரைக் கன்னியர் மடத்தில் திருநாள் பூசையன்று எக்காளம் முழங்குகிறதாம். கன்னியர் எக்காளம் ஊதக் கூடாது என்பது விதி. அப்படியானால் உள்ளே ஒரு பட்டாளத்துக்காரனை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது கடிதத்தின் சாரம்.

விசாரிக்க லெயோன்ஹார்ட் சாமி இரண்டு காவலாட்களோடு வந்து இறங்கினார். ஆட்கள் கோழிக்கூண்டு முதல் பாடகர் மேடை வரை புரட்டிப் போட்டும் ஒருவனும் அகப்படவில்லை.

சகோதரி நோட்புர்கா மேடையில் வியர்த்துப்போய் நின்றாள். மடத்துக்கு பீர் காய்ச்சுவது அவள் வேலை. எக்காளமும் அவள் பொறுப்புதான். பழி உறுதியானால் மடத்தையே மூடிவிடுவார்கள் என்று சமையலறையில் பேச்சு. பதினாறு வயதில் வந்தவளுக்கு வேறு வீடு ஏது?

மடத்துத் தலைவி ஹில்டெகுண்ட் அம்மா சாமியை மேலே அழைத்து வந்தார்.

"எங்கம்மா அந்த ஆளு?"

"இவதான் சாமி."

"இவளா? சரி, எக்காளம் எங்க?"

நோட்புர்கா சுவரோரம் கை காட்டினாள். அவளைவிட உயரமான மரப்பெட்டி. மேலே குறுகி, கீழே அகன்று, அடிப்புறம் திறந்திருந்தது. நீளவாக்கில் ஒரே ஒரு நரம்பு. பக்கத்தில் ஒரு வில்.

"சவப்பெட்டியக் காட்டி ஏமாத்தப் பாக்குறீங்களா?"

"வாசிச்சுக் காட்டு நோட்புர்கா," என்றார் அம்மா.

அவள் பெட்டியைத் தோளில் சாய்த்து, நரம்பைக் கட்டைவிரலால் லேசாகத் தொட்டு, வில்லை இழுத்தாள். வால் மிதிபட்ட பூனைபோல ஒரு முனகல். சாமியின் புருவம் ஏறியது.

"அக்கா, குதிரையப் பாருங்க!" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் இளையவள் கிரெசென்ஸியா.

நரம்பைத் தாங்கும் குதிரைக்கு இரண்டு கால். ஒன்று பலகையில் அழுந்தி நிற்கும். மற்றது நூலளவு தூக்கி நின்று, வாசிக்கையில் படபடவென்று பலகையை அடிக்கும். அந்த அடியில்தான் எக்காளச் சத்தம் பிறக்கும். காவலாட்கள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில் குதிரை நகர்ந்து, இரண்டு காலும் பதிந்துபோயிருந்தன.

விரல்நுனியால் குதிரையை மயிரிழை நகர்த்திவிட்டு மறுபடி இழுத்தாள்.

எக்காளம் முழங்கியதில் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. கூரைப் புறாக்கள் சிதறிப் பறந்தன. கீழே நின்ற காவலாட்கள் தங்களை அறியாமல் விறைத்து நின்றார்கள்.

சாமி பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "உள்ள யாருமில்லையே?"

"கைய விட்டுப் பாருங்க சாமி," என்றாள் நோட்புர்கா.

முழங்கை வரை விட்டார். ஒட்டடைதான் வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு வில்லைக் கேட்டு வாங்கித் தானும் இழுத்தார். ஆடு கத்தியது.

"போதும் சாமி. அடுத்து, ஆடு ஒளிச்சு வெச்சிருக்கோம்னு எழுதிடுவாங்க," என்றார் அம்மா.

'ஆண் எவருமில்லை. இருப்பது ஒரு பெட்டி. வாசிக்கத் தடையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் சாமி.

அதற்குப் பிறகுதான் நோட்புர்கா மேடைப் படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. கிரெசென்ஸியா ஆவி பறக்கும் மாவுருண்டைத் தட்டோடு வந்தாள்.

"இது சாமிக்குச் செஞ்சதாச்சே?"

"அவரு ரெண்டு தட்டு முடிச்சாச்சு. நீங்க சாப்பிடுங்கக்கா."

நோட்புர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.